ஆர்.வி.-7 இறக்கைத் தொட்டியில் எரிபொருள் கசிவு: மூலத்தைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

ஆர்.வி.-7 என்னும் சிறு விமானம் ஒன்றை, அதைத் தம் கையால் கட்டியவரிடமிருந்து வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார்: இடது இறக்கையின் அடிப்புறத்தில், உடற்பகுதிக்கு அருகே, தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளின் வரிசையில் இரண்டு ரிவெட்டுகளைச் சுற்றி நீலக்கறை படிந்திருக்கிறது, பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருக்கிறது, தொட்டி நிறைந்திருக்கும் நாள்களில் தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டுகிறது. வெளியிலிருந்து சீலன்ட் என்னும் கசிவடைப்புப் பசையைப் பூசினால் போதுமா, எரிபொருள் ஊற்றும் வாய் வழியாகப் பூச்சுத் திரவத்தை ஊற்றிக் குலுக்கி வடித்துவிட்டால் தீருமா, இறக்கையையே கழற்ற வேண்டியிருக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

வெளியிலிருந்து பூசுவது போதாது. குலுக்கி வடிக்கும் பூச்சைத் தொடவே கூடாது. இறக்கை இருந்த இடத்திலேயே இருக்கலாம். தொட்டியை மட்டும் கழற்ற வேண்டியிருக்கும். இம்மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. கசிவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. தொட்டியின் உட்புறத்தில் வேறெங்கோ நுழைந்து, தகடுகளுக்கு இடையே ஊர்ந்து, எங்கே தடை குறைவோ அங்கே வெளிவருகிறது. அந்த உள்வாயைக் கண்டுபிடித்து, எரிபொருள் நிற்கும் பக்கத்திலிருந்தே அதை அடைக்கும்வரை எந்த வைத்தியமும் நிலைக்காது. ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் தேடுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் செலவாகும். சீலன்ட் பூசுவது அதில் சிறு பகுதிதான்.

தொட்டியின் அமைப்பைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் 1973-இல் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்னும் ஊரிலிருந்து இயங்குகிறது. அதன் ஆர்.வி. வரிசையில் பெரும்பாலான விமானங்களில், ஆர்.வி.-7 உட்பட, இறக்கையின் முன்விளிம்பின் ஒரு பகுதியே எரிபொருள் தொட்டி. ஆர்.வி.-7-இல் ஒரு பக்கத்துக்கு 21 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 79 லிட்டர் கொள்ளும். முன்விளிம்பைச் சுற்றி வளைத்த, மேல்தகடு என்னும் அலுமினியத் தகடு, அதற்குள் குறுக்கே நிற்கும் ரிப்கள் என்னும் தாங்கு தகடுகள், இரு கோடிகளிலும் முனை ரிப்கள், பின்புறத்தில் இறக்கையின் முதன்மை உத்தரமான ஸ்பாருக்கு முன்னால் நீளவாட்டில் நிற்கும் பேஃபிள் என்னும் தகடு ஆகியவை சேர்ந்ததே தொட்டி. இவை அனைத்தும் ரிவெட்டால் இணைந்தவை. ரிவெட் வலிமையைத் தருகிறதே தவிர எரிபொருளைத் தடுப்பதில்லை. தடுப்பது, பட்டறைகளில் புரோசீல் என்றே எல்லோரும் சொல்லும் பாலிசல்ஃபைடு சீலன்ட். இணைப்புகளின் இடுக்குகளிலும், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ரிவெட்டின் வால் மீதும் அது முழுமையாகப் படிந்திருக்க வேண்டும்.

கட்டும் வரிசையில் பேஃபிள் கடைசியாக வருகிறது என்பது இங்கே மிக முக்கியம். அதற்கு முன்புவரை தொட்டி பின்புறம் திறந்திருப்பதால், ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்து, சீலன்ட்டைக் குச்சியால் தடவிச் சீராக்க முடியும். பேஃபிள் வைக்கும்போதோ, அது அமரப்போகும் கோட்டில் முன்கூட்டியே சீலன்ட்டைப் பட்டையாக இட்டு, தகட்டை அதன்மேல் அழுத்தி ரிவெட் அடித்துவிடுவார்கள். உள்ளே அந்தச் சீலன்ட் இடைவெளியின்றிப் பரவியதா என்று கட்டியவரே பார்த்திருக்க முடியாது. பேஃபிள், முனை ரிப், மேல்தகடு ஆகிய மூன்றும் சந்திக்கும் மூலைகள் இவ்வகைத் தொட்டிகளில் பேர்போன கசிவிடங்கள். அடுத்த நிலையில் வருபவை, பேஃபிளை ரிப்களோடு இணைக்கும், ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் குருட்டு ரிவெட்டுகள்; அவற்றின் நடுத்தண்டு வழியாகவும் ஈரம் வரலாம். மூன்றாவதாக, உட்பக்க முனை ரிப்பில் உள்ள வட்ட மூடித்தகடு. அளவுகாட்டியைத் தாங்கும் இந்தத் தகட்டைக் கார்க் கேஸ்கெட் வைத்துத் திருகியிருந்தால், காலப்போக்கில் கேஸ்கெட் ஓரத்திலும், திருகுமரை வழியாக, பின்னால் நிலையாகப் பொருத்திய நட்டுகளான நட்டுத்தகடுகளிலும் கசியும்.

பழைய ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றினால் ஒழுக்கு நின்றுவிடுவதில்லை. உடைந்த ஓடு முகட்டருகே இருக்கும், நீர் கைமரத்தின் வழியே இறங்கி வந்திருக்கும். ரிவெட் தொட்டியும் அப்படித்தான். மேல்தகடும் ரிப்பின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் பட்டையில், சீலன்ட் விட்டுப்போன ஓரிடத்தில் புகுந்த பெட்ரோல், பல ரிவெட்டுகளைக் கடந்து சென்று, தலை சற்றுத் தளர்வாக அமர்ந்த ஒரு ரிவெட்டில் வெளிவரும். வெளியில் அந்த ஒரு ரிவெட்டை அடைத்தால் அது அடுத்த ரிவெட்டைத் தேடிப் போகும். இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்றே உயர்ந்திருப்பதால் தொட்டியின் தாழ்ந்த கோடி உடற்பகுதிப் பக்கம்தான். எரிபொருள் குறைந்திருக்கும்போதும் அந்தக் கோடி நனைந்தே இருக்கும். ஆகவே உடற்பகுதிக்கு அருகே கறை தெரிகிறது என்பதால் மூலமும் அங்கேதான் என்று முடிவுகட்டுவது சரியாகாது.

சரிசெய்யும்வரை பறக்கலாமா என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.-யின் மெக்கானிக் பயிற்சிக் கையேட்டில் ஓர் அளவுகோல் உண்டு. கசிவிடத்தைத் துடைத்து உலர்த்தி, 30 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஈரம் முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் அது கறை. ஒன்றரை அங்குலம் வரை மெல்லிய கசிவு. நான்கு அங்குலம் வரை கனத்த கசிவு. அதற்கு மேல் பரவினாலோ சொட்டினாலோ ஓடும் கசிவு. காற்றோட்டமான வெளிப்புறத்தில் உள்ள கறையைக் கண்காணித்துக்கொண்டே சிறிது காலம் ஓட்டலாம். மூடிய இடத்துக்குள் கசியும் எதையும் அப்படி விட முடியாது. இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடம், மேலே ஃபேரிங் என்னும் மறைப்புத் தகடு மூடிய, காற்றோட்டம் குறைந்த இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; காற்றில் அது ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றப் போதும். அந்த இடத்தில் ஈரம் இருந்தாலோ, விமானி அறையில் பெட்ரோல் வாடை வந்தாலோ, சரிசெய்யும்வரை விமானத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கேட்டவர் முதலில் ஃபேரிங்கைக் கழற்றி அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

தொட்டியைக் கழற்றுவதற்கு முன், தொட்டியில் உண்மையிலேயே கசிவு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். அடிப்புறத்தில் உள்ள, எரிபொருளை வடிக்கும் டிரெயின் வால்வின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்தால் பெட்ரோல் பின்னோக்கி வழிந்து ரிவெட் வரிசை முழுவதையும் நனைக்கும். ஊற்றுவாய் மூடியின் ஓ-ரிங் கெட்டால் மேற்புறத்திலிருந்து கறை இறங்கும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், எரிபொருள் 10 டிகிரி செல்சியஸ் சூடேறும்போது முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை விரிந்து, வென்ட் என்னும் காற்றுக் குழாய் வழியே சொட்டும். அது கசிவே அன்று. இறக்கையின் அடியைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, சந்தேகப்படும் பகுதியில் முகப்பவுடரை மெல்லத் தூவி ஓரிரவு விட்டால், ஈரம் முதலில் எந்த ரிவெட்டில் தோன்றுகிறது என்பது தெளிவாகத் தெரியும். அந்த இடங்களை மார்க்கரால் வட்டமிட்டு, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொட்டி மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும்போது இந்தப் படங்கள் மிகவும் உதவும்.

அடுத்தது தொட்டியைக் காலி செய்வது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானது, ஏனெனில் அதில் காற்றும் ஆவியும் கலந்திருக்கின்றன. விமானத்தையும் பெட்ரோலை ஏந்தும் கலனையும் கம்பியால் இணைத்து நிலைமின்னூட்டம் சேராமல் செய்த பிறகே, திறந்தவெளியில் வடிக்க வேண்டும். ஆவியை வெளியேற்றத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதன் மோட்டார்ப் பொறி போதும் வெடிப்பதற்கு. எல்லா மூடிகளையும் திறந்து, மெல்லிய காற்றை உள்ளே செலுத்தி, சில நாள்கள் நிழலில் காயவிடுங்கள். இந்தப் பொறுமைக்கு இன்னொரு பயனும் உண்டு: பழைய சீலன்ட்டிலும் இடுக்குகளிலும் ஊறிய பெட்ரோல் முழுவதும் ஆவியாகாவிட்டால் புதிய சீலன்ட் ஒட்டாது. 100 எல்.எல். என்னும் நீலநிற விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதிலுள்ள ஈயச் சேர்மம் தோல் வழியாகவும் உடலில் சேரும். வெறுங்கையால் அளைய வேண்டாம்.

கழற்றும் வேலையில் நுட்பம் குறைவு, பொறுமை மிகுதி. எரிபொருள் குழாய், வென்ட் குழாய், அளவுகாட்டியின் கம்பி, உடற்பகுதியோடு இணைக்கும் பிராக்கெட்டின் போல்ட் ஆகியவற்றை விடுவித்த பின், ஸ்பாரின் மேலும் கீழும் வரிசையாக உள்ள குழித்தலைத் திருகுகளையும், பேஃபிளின் பின்னுள்ள, இசட் எழுத்து வடிவிலான இசட் பிராக்கெட்டுகளின் போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். பெயின்ட் அடைத்த திருகுத் தலைகளை முனையால் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய திருப்புளி முனையை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் தலை சிதையாது. போல்ட்டுகள் இறக்கைக்குள் ஆய்வுத் துளை வழியே கையை நீட்டி எட்ட வேண்டியவை. எது எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி கையில் வந்த பின் சோதனை தொடங்குகிறது. பெரும்பாலான சேதங்கள் நேர்வது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பறக்கும்போது தொட்டியின் அடியில் எரிபொருள் தரும் அழுத்தம் மிகச் சிறியது. இந்த இறக்கையில் தொட்டியின் உச்ச உயரம் ஏறத்தாழ 20 செ.மீ.; பெட்ரோலின் அடர்த்தி 0.72. இறக்கைச் சாய்வையும் சேர்த்தால்கூட, தரையில் நிற்கும்போது அடிக்கோடியில் 15 முதல் 20 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தமே இருக்கும். சோதனைக்கு மேல் எல்லையாகச் சொல்லப்படுவது ஒரு பி.எஸ்.ஐ., அதாவது 70 செ.மீ. நீர்மட்டம். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், அந்த அழுத்தம் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 700 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. தட்டையான பேஃபிள் உப்பி ரிவெட்டுகளை இழுத்துவிட இதைவிடச் சற்றுக் கூடினாலே போதும். பட்டறைக் காற்றழுத்திக் குழாயை நேராகத் தொட்டியில் பொருத்துவது தொட்டியைப் பாழாக்கும் வழி.

சரியான வழி எளிது, மலிவும்கூட. எரிபொருள் குழாய் முனையை மூடுங்கள். ஊற்றுவாய் மூடியின் ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மூடியின் கசிவே கணக்கைக் குழப்பும். டிரெயின் துளையில் சைக்கிள் டியூப் வால்வு போன்ற ஒன்றைப் பொருத்தி, வென்ட் முனையில் வளைத்துத் தொங்கவிட்ட தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி அழுத்தமானியாக வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த குழாயின் இரு புறங்களிலும் உள்ள நீர்மட்டங்களின் வேறுபாடே அழுத்தம். குழாயின் திறந்த புறத்தை அதற்கேற்ற உயரத்தில் வெட்டிவிட்டால், அழுத்தம் எல்லை மீறும்போது நீர் வெளியே தள்ளப்பட்டு, அதுவே பாதுகாப்பு வால்வாகவும் ஆகும். கைப்பம்பால் மெல்ல 50 செ.மீ. வரை ஏற்றினால் போதும். அதுவே பயன்பாட்டு அழுத்தத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

சிலர் அழுத்தமானியை மட்டும் பார்த்து, மட்டம் இறங்கியதால் கசிவு என்றும் இறங்காததால் இல்லை என்றும் முடிவு செய்கிறார்கள். அடைபட்ட காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ மூன்றரை செ.மீ. நீர்மட்டம் மாறும்; வெளியே வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஒரு செ.மீ. மாறும். கொட்டகைக் கதவைத் திறந்து வெயில் தொட்டிமேல் விழுந்தாலே மட்டம் ஏறிவிடும். பலூனைக் கட்டிவிட்டு மறுநாள் அது விறைப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே குறையுடையது. ஆகவே, மட்டத்தைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வொரு ரிவெட்டிலும் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் குமிழியைத் தேடுங்கள். பெரிய கசிவு உடனே நுரைக்கும். மெல்லிய கசிவு பல நிமிடங்கள் கழித்தே வெண்ணிறப் புள்ளியாகத் திரளும். அவசரமாகத் துடைத்துவிட்டு நகர்ந்தால் பின்னது தப்பிவிடும்.

இதுவரை கண்டது வெளிவாய். உள்வாயைக் காண வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மூடித்தகட்டைக் கழற்றி, உட்புற இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, வெளியில் குறித்து வைத்த ரிவெட்டின் மீது ரப்பர் முனை கொண்ட குழாயை அழுத்திப் பிடித்து மெல்லிய காற்றைச் செலுத்துங்கள். உள்ளே சிறு கண்ணாடியையும் விளக்கையும், அல்லது செல்பேசியோடு இணையும் குழாய்க் கேமராவையும் வைத்துப் பார்த்தால், குமிழி எங்கே எழுகிறதோ அதுவே உள்வாய். ஆவி முற்றிலும் நீங்கிய பின்னரே இந்தக் கருவிகளை உள்ளே விடலாம். அடைக்க வேண்டிய இடத்தை இத்தனை உறுதியாகக் காட்டும் வேறு முறையை நான் அறியேன். ஆயினும் இதைச் செய்பவர்கள் குறைவாக இருப்பது வருத்தம் தருகிறது.

உள்வாய் உட்பக்க முதல் அறையில் இருந்தால் மூடித்தகட்டின் துளை வழியே கை எட்டும். அதற்கு அப்பால் ரிப்கள் குறுக்கே நிற்பதால், பேஃபிளில் துளை வெட்டுவதுதான் வழி. தொட்டியைப் பின்னிருந்து பார்த்து, கசிவுள்ள அறைக்கு நேராக, இசட் பிராக்கெட்டுகளுக்கும் ரிவெட் வரிசைகளுக்கும் போதிய தூரம் விட்டு, 12 அல்லது 13 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளையை வெட்டும் கருவியால் நிதானமாக வெட்டலாம். விளிம்பைப் பிசிறில்லாமல் தேய்த்து மழுமழுப்பாக்க வேண்டும். பிசிறிலிருந்துதான் விரிசல் தொடங்கும். வேலை முடிந்ததும், துளையைவிடப் பெரிய வட்டத்தகட்டைச் சீலன்ட்டோடு வைத்து, முனை மூடிய குருட்டு ரிவெட்டுகளால் அடைத்துவிடலாம். நல்ல தகட்டில் ஓட்டை போடுவதா என்று பலர் தயங்குகிறார்கள். பல ஆர்.வி. கட்டுநர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. பேஃபிள் முழுவதையும் ரிவெட் துளைத்துக் கழற்றுவதைவிட மிகப் பாதுகாப்பானது.

இனிச் சுத்தம். உள்வாயைச் சுற்றித் தளர்ந்த, தூக்கிய, மென்மையான பழைய சீலன்ட்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். எஃகுக் கத்தி அலுமினியத்தைக் கீறிவிடும் என்பதால், கடினப் பிளாஸ்டிக்கையோ மரத்தையோ உளிபோலக் கூர்செய்து பயன்படுத்துங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சீலன்ட்டை எடுக்கத் தேவையில்லை. மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் புதியது அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். பிறகு எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த பஞ்சற்ற துணியால் துடைத்து, அது தானாக உலர்வதற்கு முன்பே வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால், கரைந்த அழுக்கு மீண்டும் அதே இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். துணியில் கறை ஏறாதவரை இதைத் திரும்பச் செய்யுங்கள். எம்.இ.கே. நைட்ரைல் கையுறையை விரைவில் ஊடுருவும். பியூட்டைல் ரப்பர்க் கையுறையே தகுந்தது.

சீலன்ட் இரு பகுதிகளாக வருகிறது: வெண்ணிற அடிப்பொருள், கருநிற வினையூக்கி. ஆர்.வி. தொட்டிகளுக்குப் பரவலாகப் பயன்படும் வகையில் கலவை விகிதம் எடைக்கணக்கில் பத்துக்கு ஒன்று. 30 கிராமுக்கு 3 கிராம் என்னும்போது அரை கிராம் பிழைகூடப் பெரிது என்பதால், 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், கண்ணளவு கூடாது. வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். உறையில் பி-2 என்றிருந்தால் அது தடித்த வகை, கையாளும் நேரம் இரண்டு மணி. ஏ என்று தொடங்கினால் தூரிகையால் பூசும் நெகிழ்ந்த வகை. காலாவதித் தேதி கடந்ததை வாங்கவே வேண்டாம்.

முதலில் நெகிழ்ந்த வகையை, அல்லது தடித்த வகையையே சிறிதளவு எடுத்து, விறைப்பான குட்டைத் தூரிகையால் இடுக்குக்குள் அழுத்தித் தேயுங்கள். காற்றை வெளியேற்றி உலோகத்தோடு உலோகமாகப் பிடிக்கவைப்பது இந்த முதல் பூச்சுதான். அதன்மேல் தடித்த வகையைப் பட்டையாக இட்டு, உருண்டை முனைக் குச்சியால் உட்குழிந்த வளைவாக இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ரிவெட் வால்மீதும் சிறு குவிமாடமாக மூடுங்கள். குமிழி எழுந்த இடத்தோடு நிற்காமல், அந்த இணைப்பு முழுவதையும், இரு மூலைகளையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது. இன்று கசியாத பக்கத்து இடம் அதே நாளில், அதே கையால், அதே கலவையால் செய்யப்பட்டது. மீந்த கலவையைக் காகிதத்தில் தடவித் தொட்டியின் அருகிலேயே வைத்திருங்கள். அது ரப்பராக இறுகிய பின்பே உள்ளே இருப்பதும் இறுகியிருக்கும். 25 டிகிரியில், காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால், பி-2 இறுகச் சுமார் 3 நாள் ஆகும்; வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓரிகனின் குளிர்காலக் கொட்டகையில் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம். மூடித்தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது கார்க் கேஸ்கெட்டை விட்டுவிட்டு, தகட்டையும் திருகுமரைகளையும் சீலன்ட்டிலேயே அமர்த்துங்கள். மறுமுறை கழற்றுவது கடினம்தான், ஆனால் கசியாது.

ஒரே ஒரு ரிவெட் மட்டும், அதுவும் மிக மெல்லக் கசிந்தால், தொட்டியைத் திறக்காமல் லாக்டைட் 290 என்னும் ஊடுருவும் பசையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தொட்டியைக் காலி செய்து உலர்த்தி, உள்ளே 20 செ.மீ. நீர்மட்ட அளவுக்கு மேற்போகாத மெல்லிய உறிஞ்சலைக் கைப்பம்பால் உண்டாக்கி, ரிவெட் தலையைச் சுற்றி ஒரு துளி விட்டால் அது உள்ளிழுக்கப்பட்டு இறுகுகிறது. ரிவெட் துளைக்கே உரிய கசிவானால் இது பயன் தரும். கேட்டவருக்கு இரண்டு ரிவெட்டுகள் ஒரே வரிசையில் கசிகின்றன. அது பட்டைக்குள் எரிபொருள் ஓடுவதன் அடையாளம். ஆகவே அவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குலுக்கி வடிக்கும் பூச்சுத் திரவத்தை ஏன் இத்தனை கண்டிப்பாக மறுக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. ஆர்.வி. விமானங்களின் தொடக்க காலத்தில் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுகள் சென்றபின், சுத்தம் போதாத இடங்களில் அந்தப் படலம் தோல்போல உரிந்து, எரிபொருள் உறிஞ்சும் முனையின் வலையை மூடியது. வேன்ஸ் நிறுவனமும் பின்னர் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. இறக்கையின் அடியில் உள்ள நீலக்கறையால் எஞ்சின் நிற்காது. உறிஞ்சுமுனையை அடைத்த தோலால் நிற்கும். உங்கள் தொட்டியை முன்னவர் அப்படிப் பூசியிருக்கிறாரா என்பதைத் திறந்ததும் பாருங்கள். பூசியிருந்தால், கசிவை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதை முழுவதும் உரித்தெடுக்க வேண்டும்.

இங்கே சொன்னவை ரிவெட் அடித்த அலுமினியத் தொட்டிக்கு மட்டுமே பொருந்தும். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஇசட் போன்ற கண்ணாடியிழை விமானங்களில் தொட்டி எபாக்ஸியால் ஆனது. கசிவது ஊசித்துளை வழியாக. அங்கே பாலிசல்ஃபைடு சரியான மருந்தன்று. உள்ளே மெல்லிய உறிஞ்சலை உண்டாக்கி, வெளியிலிருந்து எபாக்ஸியைத் துளைக்குள் இழுக்கும் முறையை அவற்றில் கையாளுகிறார்கள்.

சீலன்ட் இறுகியபின் அழுத்தச் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்யுங்கள். உள்ளே விழுந்த துணுக்குகளைச் சில லிட்டர் பெட்ரோலால் அலசி, மெல்லிய துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் எதுவும் தங்காதவரை அலசுங்கள். இறக்கையில் ஏற்றுவதற்கு முன், தொட்டியைத் தாங்கியில் வைத்துப் பெட்ரோல் ஊற்றி, பழுதுபார்த்த மூலை நனையும்படி திருப்பி ஒரு நாள் விடுவது சிறந்தது. ஏற்றியபின், எரிபொருள் குழாயை எஞ்சின் பக்கம் கழற்றிப் பம்பை ஓட்டி, ஓட்டத்தை அளக்க வேண்டும். பம்பு வழி ஊட்டும் அமைப்புக்கு, எஞ்சினின் உச்ச நுகர்வைப் போல 125 சதவீதம் வர வேண்டும் என்பது வழக்கமான அளவு. முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பின் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். கொப்புளம் விட்ட பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தை, பலமுறை நிரப்பிக் காலி செய்து ஈரமில்லை என்று உறுதியாகும்வரை வெறும் உலோகமாகவே விட்டுவையுங்கள்.

சட்டம் இதற்குத் தடையில்லை. அமெரிக்காவில் சோதனை வகையில் பதிவான, சொந்தமாகக் கட்டிய விமானத்தில் பழுதுபார்க்க மெக்கானிக் உரிமம் வேண்டியதில்லை, உரிமையாளரே செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் நிலை ஆய்வில் கையொப்பமிட, கட்டியவர் பெற்ற ரிப்பேர்மேன் சான்றிதழோ, ஏ அண்ட் பி எனப்படும் மெக்கானிக் உரிமமோ போன்ற தகுதி வேண்டும். விமானத்தை விலைக்கு வாங்கியவருக்கு முதலாவது கிடைக்காது. எனவே, பேஃபிளில் துளை வெட்டுவதற்கு முன்பே, அடுத்த ஆய்வில் கையொப்பமிடப்போகும் மெக்கானிக்கை அழைத்து உள்வாயைக் காட்டுங்கள். பிறகு விமானப் பதிவேட்டில் தேதி, கசிந்த இடம், வெட்டிய துளையின் இடமும் அளவும், சீலன்ட்டின் வகையும் தொகுதி எண்ணும், சோதனை அழுத்தம் ஆகியவற்றைப் படங்களோடு பதிந்து வையுங்கள். இந்தத் தொட்டியை அடுத்துத் திறக்கப்போகிறவர், அது நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துகொள்வார்.